விற்ற சரக்கின் மீது உரிமை யாருக்கு?

விலை பேசிப் பணமும் பெற்றுக்கொண்டபின், "இச்சரக்கை என் பகைவனுக்கு விற்காதே" என்று சொல்ல விற்றவனுக்கு உரிமையுண்டா? வாணிபம் செய்யும் நம்மவர்க்கு இது புதிய கேள்வியன்று. ஆயின் இதே வழக்கு நாடுகளுக்கிடையிலும் எழுந்தது.

அல்ஜீரியாவின் எரிவாயு 1996 முதல் மொரோக்கோ வழியே குழாயில் ஸ்பெயினுக்குச் சென்றது. வழிவிட்டதற்கு ஈடாக மொரோக்கோவும் ஒரு பங்கு பெற்று மின்சாரம் உண்டாக்கி வந்தது. 2021 ஆகஸ்டில் அல்ஜீரியா மொரோக்கோவுடன் உறவை முறித்தது. ஆயினும் தவணை முடியும் அக்டோபர் 31 வரை வாயுவை நிறுத்தவில்லை. பின்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவுமில்லை. அதில் குறை காண நமக்கு மனமில்லை. (சினம் கொண்ட பின்னும் தவணை காப்போர் நம் கடைத்தெருவில் எத்தனை பேர்?)

2022-இல் மொரோக்கோ உலகச் சந்தையில் திரவ வாயுவை வாங்கி, ஸ்பெயினில் இறக்கி, அதே குழாயில் எதிர்த்திசையில் கொண்டுவர முற்பட்டது. தன் வாயு அங்கே திருப்பப்பட்டால் அது ஒப்பந்த மீறலாகும் என்று ஸ்பெயினை அல்ஜீரியா எச்சரித்தது.

முன்பே எழுதிக் கையொப்பமிட்ட நிபந்தனையாயின் வாங்கியவர் கட்டுப்பட்டவரே. கோபம் வந்தபின் முளைத்த நிபந்தனையாயின் அல்லர். இதுவே நம் துணிபு. ஆனால் குழாயில் கலந்த வாயுவுக்கு ஊரேது, பேரேது? ஒரே கிட்டங்கியில் இருவர் அரிசியைக் கொட்டியபின் மணிமணியாகப் பிரித்துக் காட்ட எவராலும் ஆகாது. அளந்து வந்ததும் அளந்து போனதும் ஏட்டில் ஒத்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கலாம். மொரோக்கோவுக்குச் செல்லும் வாயுவின் பிறப்பிடத்தைச் சான்றிதழ் கொண்டு சரிபார்ப்பதாக ஸ்பெயின் உறுதி கூறியது. ஜூன் மாதத்தில் வாயுவும் போகத் தொடங்கியது. கிட்டங்கிக் கணக்கப்பிள்ளையின் வேலையும் இதுதானே!