நீத்தார் நினைவும் சமாதானமும்: ஓர் அறவியல் நோக்கு

போரிலே இறந்தவனை நினைவுகூர்தல் மனித குலத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்றாகும். சங்ககாலத் தமிழர் வீழ்ந்த மறவனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டனர். இன்றைய இலங்கையின் சிங்களக் கிராமங்கள் பலவற்றிலே, இறந்த படைவீரனின் பெயரைத் தாங்கிய பஸ் தரிப்பிடங்களைக் காணலாம். மகனை இழந்த தாய் விளக்கேற்றி அழுவதைக் குறை கூறுவார் எவருமிலர். ஆயினும், ஊரார் ஒன்றுகூடிச் சமாதானத்தின் பெயரால் அவ்விளக்கினை ஏற்றும்போது ஒரு வினா எழுகின்றது. போரில் மாண்டவனைப் போற்றுதலும் போரை வெறுத்தலும் ஒரே நெஞ்சில் ஒருங்கே நிகழக்கூடியனவா?

இவ்வினாவினை எழுப்புதற்குக் கண்டி நகரின் கிழக்கே, மகாவலியை அண்டி அமைந்த குண்டசாலை பொருத்தமான இடமாகும். 1739 இல் மறைந்த வீர நரேந்திரசிங்கன் இங்கு அரண்மனை அமைத்து வாழ்ந்தான். அவனுக்குப்பின் தென்னிந்திய நாயக்க வழியினர் கண்டி அரியணையில் அமர்ந்தனர். சிங்களமும் தமிழும் ஒரே அரசவையில் ஒலித்த மண் இது. ஆனால் 2018 மார்ச்சில், குண்டசாலைப் பிரிவைச் சேர்ந்த திகனையில் நிகழ்ந்தது வேறு. தாக்குதலுக்குள்ளாகி உயிரிழந்த ஒரு சிங்கள லொறிச் சாரதிக்கான துயரம், முஸ்லிம் மக்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரிக்கும் தீயாக மாற்றப்பட்டது. எரிந்த வீடொன்றில் முஸ்லிம் இளைஞர் ஒருவர் உயிர் துறந்தார். ஒருவனுக்காக அழக் கூடியவர்கள் இன்னொருவன் இறக்கக் காரணமாயினர்.

படைவீரர் பொருட்டும் இவ்வாறே நிகழ்ந்துள்ளது. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். அவர்களை அடக்கஞ் செய்வதற்கென மறுநாள் கொழும்பு பொரளை மயானத்திலே மக்கள் திரண்டனர். அத்திரளிலிருந்தே கறுப்பு ஜூலையின் வன்செயல்கள் தொடங்கின; கண்டியும் அத்தீயினின்று தப்பவில்லை. இறந்தோரை மதிக்க வந்த கூட்டம், அவ்விறப்பிலே எவ்விதத் தொடர்புமற்ற மாந்தரைக் கொன்றது. துயரம் தன்னளவில் தூயதெனினும் அது தானாகவே சமாதானத்திற்கு இட்டுச்செல்லாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. துயரத்தை எத்திசையிற் செலுத்துகின்றோம் என்பதே அறத்தின் வினா.

அவ்வாறாயின், சமாதான நினைவேந்தலைப் பழிவாங்கலின் ஒத்திகையினின்றும் வேறுபடுத்துவது யாது? மகாவம்சம் இதற்கொரு விடையைத் தருகின்றது. எல்லாளனைப் போரில் வென்ற துட்டகைமுனு, அவனுக்குரிய ஈமக்கடன்களைச் செய்து நினைவிடம் அமைத்து, அதனைக் கடந்து செல்வோர் வாத்தியங்களை நிறுத்திச் செல்ல வேண்டுமெனப் பணித்தான் என அந்நூல் கூறும். 1818 இல் பிரித்தானியருக்கு எதிரான கிளர்ச்சி தோல்வியுற்றுத் தப்பியோடிய கண்டிப் பிரதானி ஒருவர், களைப்புற்ற நிலையிலும் பல்லக்கினின்று இறங்கி அவ்விடத்தை நடந்தே கடந்தார் என்றும் கூறப்படுகின்றது. பகைவனை மதித்தமையால் அவர்தம் வீரம் குறைந்துவிடவில்லை.

கண்டியிலுள்ள இரண்டாம் உலகப்போர் மயானமும் ஈண்டு நோக்கத்தக்கது. ஏறத்தாழ 200 பேர் துயிலும் அந்நிலத்திலே பிரித்தானியரும் இலங்கையரும் இந்தியரும் கிழக்காபிரிக்கரும் அருகருகே கிடக்கின்றனர். போரின் முற்பகுதியில் பிரித்தானியாவுக்குப் பகையாய் நின்ற இத்தாலியைச் சேர்ந்தோரும் அங்குளர். ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் 1995 இல் திறந்துவைக்கப்பட்ட நினைவகம் இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. அங்குள்ள கற்களில் ஜப்பானியர், அமெரிக்கர், கொரியர் எனவும் படையினர், பொதுமக்கள் எனவும் பேதமின்றி 2,40,000 இற்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இதற்கு மாறாக, 2009 இல் முடிவுற்ற போரின்பின் இலங்கையிலே இறந்தோர் இருவகையினர் ஆயினர். மே 19 இல் அரசு தன் படையினரைப் போற்றியது. வடக்குக் கிழக்கிலோ துயிலும் இல்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டன; முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைவுகூரவும் பல்லாண்டுகள் தடைகள் இருந்தன. கல்லறையின்றி நின்ற தாய்மாரின் துயரம் குற்றமாகக் கருதப்பட்டது. எனினும் நேர்மையான ஆராய்ச்சி ஒரு பக்கத்தை மாத்திரம் சுட்டுதல் ஆகாது. தமிழரின் மாவீரர் நாளிலும், சக தமிழராலேயே கொல்லப்பட்ட மாற்று இயக்க இளைஞர்க்கு இடமிருக்கவில்லை. அவர்களுக்கும் தாய்மார் இருந்தனர்.

எல்லோரையும் ஒன்றாக நினைத்தால் நீதியும் அநீதியும் ஒன்றாகிவிடாதா என வினவுவோர் உளர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் ஒருவனுக்காக இரங்குதல் வேறு, அவன் செயலை நியாயப்படுத்துதல் வேறு. போரின் காரணத்தையும் அதில் இழைக்கப்பட்ட குற்றங்களையும் வரலாறும் நீதிமன்றும் விசாரிக்கட்டும்; அவ்விசாரணையை நினைவேந்தல் ஒருபோதும் மூடிமறைத்தல் கூடாது. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்த பெற்றோருக்கு மெழுகுவர்த்தி மட்டும் விடையாகாது. உண்மை சொல்லப்படாத இடத்திலே சமாதானம் என்பது மௌனத்திற்கு இடப்பட்ட மறுபெயரே.

இதனைத் தம் வாழ்வாற் காட்டியவர் கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச. இராணுவத்தில் இளம் அதிகாரியாயிருந்த அவரது மகன் 1998 இல் கிளிநொச்சிப் போரிலே காணாமற் போனார். அத்தாய் பழிவாங்கலைக் கோரவில்லை. தம்மைப் போன்ற பெற்றோரை ஒன்றுதிரட்டினார். போர் ஓயாத நிலையிலும் வன்னிக்குச் சென்று மறுதரப்பினரைச் சந்தித்தார். போரால் பாதிக்கப்பட்ட மகளிர் சங்கத்தின் வாயிலாக இருதரப்புத் தாய்மாரையும் ஓரிடத்தில் இருத்தினார். மகனை மறந்து அவர் சமாதானத்தை நாடவில்லை. மகனை மறக்க இயலாமையே அவரைச் சமாதானத்தின்பால் உந்தியது.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இங்கேயே உள்ளது. இறந்த வீரனைப் போற்றுதலும் போரை வெறுத்தலும் ஒருங்கே நிகழக்கூடியனவே. ஆனால் அதற்கொரு விலை உண்டு. வெற்றியைக் கொண்டாடும் உரிமையைத் துறப்பதே அவ்விலை. குண்டசாலையில் ஏற்றப்படும் விளக்காயினும் கோப்பாயில் ஏற்றப்படும் விளக்காயினும் அதனை அளக்கும் கோல் ஒன்றே. பகைவனைப் பெற்றவள் அஞ்சாது வந்து அதனருகே அமர்ந்து தன் மகனின் பெயரைச் சொல்லி அழக்கூடுமாயின், அது சமாதான விளக்கு. அவளுக்கு அங்கு இடமில்லையாயின், எத்தனை ஆயிரம் சுடர்கள் எரியினும் அப்போர் இன்னும் முடியவில்லை என்பதே பொருள்.