பயனும் உடைமையும்: சர்வர் செலவுக் கணக்கில் ஒரு பழைய கேள்வி

சர்வரைச் சொந்தமாக வாங்கி வைப்பதா, கிளவுடில் வாடகைக்கு எடுப்பதா என்பது பெரும்பாலும் செலவுக் கணக்காகவே பேசப்படுகிறது. அதன் அடியில் தத்துவத்தின் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது: ஒரு பொருளின் பயனை அதன் உடைமையிலிருந்து பிரிக்க முடியுமா? வைத்திருப்பதைவிடப் பயன்படுத்துவதில்தான் செல்வம் அடங்கியிருக்கிறது என்றார் அரிஸ்டாட்டில். 2006-இல் அமேசான் வெப் சர்வீசஸ் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் பயன்படுத்திய அளவுக்கு விற்கத் தொடங்கியபோது அந்தக் கருத்துக்கு ஒரு விலைப்பட்டியல் கிடைத்தது.

கேள்வியை முழுத் தீவிரத்தோடு விவாதித்தவர்கள் பிரான்சிஸ்கன் துறவிகள். தனியாகவோ சபையாகவோ எதையும் உடைமையாக்கிக்கொள்வதில்லை என்பது அவர்கள் நோன்பு. ஆனாலும் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், தலைக்கு மேல் கூரை வேண்டும். 1279-இல் போப் மூன்றாம் நிக்கோலஸ் ஒரு வழி செய்தார்: உடைமை ரோமத் திருச்சபைக்கு, பயன்பாடு மட்டும் துறவிகளுக்கு. 1322-இல் போப் இருபத்திரண்டாம் ஜான் அந்த ஏற்பாட்டைக் கலைத்தார். துறவி தின்று தீர்க்கும் முட்டைக்கும் பாலாடைக்கட்டிக்கும் திருச்சபை உடைமையாளரா என்று கேட்டார். பயன்படுத்தும்போதே தீர்ந்துபோகும் பொருளில் பயனும் உடைமையும் பிரியாது என்பது அவர் வாதம். துறவிகள் பக்கம் நின்ற ஓக்கமின் வில்லியம், பிரியும் என்றார். ஆனால் அவர் விளக்கத்தில் அந்தப் பயன்பாடு வெறும் அனுமதிதான். கொடுத்தவர் திரும்பப் பெற்றால் வழக்காட இடமில்லை. துறவிக்கு அது குறையல்ல, வறுமையின் சாரமே அதுதான். தொழில் நடத்துகிறவருக்கு அப்படி இருக்க முடியாது.

கிளவுடில் விற்கப்படுவதில் பயன்படுத்தும்போதே தீர்ந்துபோவது, தீராமல் இருப்பது என இரண்டு வகையும் கலந்திருக்கின்றன. கணினி நேரம் முட்டை வகை. ஓடி முடிந்த ஒரு மணி நேரம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. தரவோ எடுக்க எடுக்கத் தீராமல் சேர்ந்துகொண்டே போகும். சட்டப்படி அது வாடிக்கையாளருடையதுதான். ஆனால் அதை உள்ளே ஏற்றப் பெரும்பாலும் கட்டணமில்லை, வெளியே எடுக்க ஜிபி கணக்கில் கட்டணம். 2024-இல் கூகுளும் அமேசானும் ஒரேயடியாக வெளியேறுவோருக்கு அதைத் தள்ளுபடி செய்தன. அன்றாடப் போக்குவரத்துக்கு அது தொடர்கிறது. அதைவிட இறுக்கமான கட்டு வேறொன்று உண்டு: ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸ் சேவையை நம்பி எழுதிய மென்பொருளை வேறிடம் கொண்டுபோக, பாதியையாவது திருப்பி எழுத வேண்டியிருக்கும். இந்தச் செலவு எந்த மாத பில்லிலும் வராது.

பில்லில் வருவதை மட்டும் பார்த்தால் கணக்கு அவ்வளவு சிக்கலில்லை. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மட்டும் கூட்டம் குவியும் தளத்துக்காக ஆண்டு முழுதும் சர்வர்களைச் சும்மா ஓடவிடுவது வீண். அங்கே வாடகை மலிவு. ஒரே சீராக ஓடும் வேலைக்குச் சொந்தம் மலிவு. டிராப்பாக்ஸ் நிறுவனம் தன் கோப்புகளை அமேசானிலிருந்து சொந்த சர்வர்களுக்கு மாற்றியதில் இரண்டே ஆண்டில் 7.46 கோடி டாலர் செலவு குறைந்ததாக, 2018-இல் பங்குச்சந்தைக்கு வரும்போது தாக்கல் செய்த ஆவணத்தில் கூறியது. பேஸ்கேம்ப் மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் 2022-இல் கிளவுடுக்குச் சுமார் 32 லட்சம் டாலர் கட்டியது. அடுத்த ஆண்டு 6 லட்சம் டாலருக்குக் குறையாமல் கொடுத்து டெல் சர்வர்களை வாங்கித் தன் செயலிகளை அவற்றுக்கு மாற்றியது. அவற்றைக் கவனிக்கத் தெரிந்த ஆட்கள் அதனிடம் முன்பே இருந்தார்கள் என்பதை இந்த எண்களை மேற்கோள் காட்டுவோர் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

சொந்தம் என்பதும் முழுச் சொந்தமல்ல. 37சிக்னல்ஸின் சர்வர்கள் நிற்பது வாடகை டேட்டா சென்டரில்தான். கட்டடமும் தன்னுடையதானால் காவலும் தன் தலையில் விழும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசே நடத்திய டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவில் 858 டெராபைட் அழிந்தது. வெளியே பேக்கப் இல்லை. வாடகையிலும் இதே ஆபத்து உண்டு. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுடில் வைத்திருந்த அமைப்பு தவறுதலாக முழுதாக அழிக்கப்பட்டது. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்பும் கைகொடுத்ததால் அது மீண்டது.

கணினி நேரத்தை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பதை வேலையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். அதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. தரவின் கதை வேறு. யாருடைய அனுமதியும் கேட்காமல் எடுத்து ஓட்டக்கூடிய பிரதி ஒன்று வேறிடத்தில் இருந்தாக வேண்டும். அதற்காகும் செலவைச் சேர்க்காமல் போட்ட ஒப்பீடு, எந்தப் பக்கம் சாய்ந்தாலும், தப்புக் கணக்கு.