இயந்திரம் பொய் சொன்னால் வினை யாரைச் சேரும்?

ஒசூர்ப் பக்கத்துப் பொறியியற் கல்லூரி ஒன்றில் முதலாண்டு பயிலும் என் தமக்கையின் பேரன், பொங்கல் விடுமுறையில் பாரூருக்கு வந்திருந்தான். கணிப்பொறியும் செயற்கை நுண்ணறிவுமே அவனுக்கு உணவும் உறக்கமும். நண்பர் இருவரோடு சேர்ந்து ஒரு செயலி செய்திருந்தான். மாவிலையைக் கைப்பேசியில் படம் எடுத்தால் போதும். நோயின் பெயரும் தெளிக்க வேண்டிய மருந்தும் திரையில் வந்து நிற்கும். கிருட்டிணகிரி மாவட்டம் மாம்பழத்தால் வாழும் மாவட்டம். ஆகவே பிள்ளைகளின் எண்ணம் நல்லெண்ணமே.

ஏரிக்கு அப்பால் உள்ள தோப்பு ஒன்றிற்கு அவனை அழைத்துச் சென்றேன். மரங்கள் பூத்திருந்தன. இலைகளின்மேல் கரி பூசினாற்போன்ற கறுப்பு. கைப்பேசி தயங்கவே இல்லை. கரும்புள்ளி நோய் என்றது, பூசணக்கொல்லி ஒன்றின் பெயரையும் அளவையும் சொன்னது. தோப்புக்காரப் பெரியவர் இலையைப் பறித்து விரலால் தேய்த்தார். கறுப்பு விரலோடு வந்துவிட்டது. அடியில் இலை பச்சையாக இருந்தது. "புள்ளி நோயா இருந்தா தேய்ச்சாப் போகாதும்மா. இது தத்துப்பூச்சி விடுற தேன்பிசின்மேல படர்ந்த பூசணம்" என்றார்.

திரும்பும் வழியில் பேரனைக் கேட்டேன். "அந்தப் பூசணத்தின் படங்களை நாங்கள் சேர்க்கவில்லை, பாட்டி. ஐந்து நோய்கள்தாம் அதற்குத் தெரியும்" என்றான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாகாதா என்றேன். அதன் அமைப்பை விளக்கினான். எந்தப் படத்தைக் காட்டினாலும் நூறு பங்கை அந்த ஐந்து பெயர்களுக்குள்ளேயே அது பகிர்ந்துவிடும்; மிகுதியான பங்கு பெற்ற பெயர் திரைக்கு வரும். நூற்றுக்கு 51 பெற்றாலும் 99 பெற்றாலும் திரையில் தோன்றும் பெயர் ஒன்றுதான். அந்த எண்ணையும் இவர்கள் மறைத்துவிட்டார்கள். கேட்டால், உழவர்கள் குழம்புவார்களாம்!

ஸ்யாத்வாதம் அறிந்த குலத்துப் பிள்ளையல்லவா அவன்? 'ஒருவாற்றான்' என்னும் பொருளுடைய 'ஸ்யாத்' என்ற சொல்லை முன்வைத்தே எதனையும் கூறுக என்றனர் நம் ஆசாரியர்கள். சப்தபங்கியின் ஏழு கூற்றுகளுள் 'சொல்லொணாதது' என்னும் அவக்தவ்யமும் ஒன்று. அதனை அறியாமை என்று கருதலாகாது. அறிவின் எல்லையை அறிந்து சொல்வதும் அறிவின் ஒரு கூறே. இவர்களுடைய இயந்திரத்திற்கு அந்தக் கூற்று மட்டும் கற்பிக்கப்படவில்லை.

இக்கருத்தைக் கணிப்பொறியோடு சேர்த்துப் பேசுவதை வலிந்து பொருத்துவதாக நினைக்க வேண்டா. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். 1950களின் நடுவில் நம் நாட்டிற்கு முதல் மின்னணுக் கணிப்பொறியை வரவழைத்த நிறுவனம் அது. அவர் ஜைனர் அல்லர், பிரம்ம சமாஜக் குடும்பத்தவர். ஆயினும் 1954இல் புள்ளியியலின் அடிப்படைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், நிகழ்தகவுக் கருத்தின் சாயலை ஸ்யாத்வாதத்தில் கண்டு விரிவாக எடுத்துரைத்தார். உயிரியல் அறிஞர் ஹால்டேனும் 1957இல் சப்தபங்கியைப் பற்றித் தனிக்கட்டுரை வரைந்தார். நம் பிள்ளைகளின் பாடநூல்களில் நிகழ்தகவு இருக்கிறது; இச்செய்தியைத்தான் காணோம்.

இனி வினைக்கு வருவோம். அறிதலும் காண்டலும் ஆகிய உபயோகம் உயிரின் இலக்கணம். இயந்திரமோ புட்கலம். எத்துணை அழகாக விடை கூறினும் அதற்கு ஆசையில்லை, அச்சமில்லை, ஆகவே வினைக்கட்டும் இல்லை. அப்படியாயின் அந்தப் பொய்ம்மொழியின் வினை காற்றோடு போயிற்றா? தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் வினை வரும் வாயில்களை 108 ஆக விரிக்கிறார். எண்ணல், முயலல், தொடங்கல் என்னும் மூன்றும், மனம் மொழி மெய் என்னும் மூன்றும், தான் செய்தல், பிறரால் செய்வித்தல், செய்தாரை உடன்படல் என்னும் மூன்றும், கஷாயங்கள் நான்கும் பெருகி வந்த தொகை அது. செய்வித்தல் அக்கணக்கிலேயே இருக்கிறது. பெரியவர் அந்த மருந்தைத் தெளித்திருந்தால் அவர் பணம் வீண். பூவை நாடிவந்த ஈக்களுக்கும் தேனீக்களுக்கும் நேரும் தீங்கும் பயனின்றி நேர்ந்த தீங்கு. வாய்மை, கொல்லாமை ஆகிய இரண்டு அணுவிரதங்களும் ஒரே திரையில் பழுதுபடுகின்றன.

பேரன் எளிதில் ஒப்பவில்லை. அவன் மறுமொழியில் வலிமையும் இருந்தது. "அடிக்கடி தெரியாது என்றால் யார் பயன்படுத்துவார்? போட்டிக்கு வரும் மற்றவர்களின் செயலிகள் எல்லாவற்றுக்கும் விடை சொல்லும். நம்முடையது வாய்மூடி நின்றால், நோய் பரவுவதற்கும் நாம்தானே பொறுப்பு?" உண்மைதான். அலுவலர் வரும்வரை பூச்சி காத்திராது. ஆனால் வாய்மூடி நிற்பதும், 'இதுவரை அறிவேன், இதற்குமேல் அறியேன்' என்பதும் ஒன்றல்ல. நான் விடைத்தாள் திருத்திய காலமெல்லாம் கண்டது இது: விடை தெரியாத மாணவன்தான் கூடுதல் தாள் கேட்பான். பக்கம் நிரம்பியிருப்பதைக் கண்டு இரக்கப்பட்டு ஓரிரு மதிப்பெண் போட்ட ஆசிரியர்களுள் நானும் ஒருத்தி. அந்தப் பழக்கத்தை இவர்களுக்கு ஊட்டியது யார் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.

இங்கிருந்து போச்சம்பள்ளி அருகில்தான். அங்கே 2021இல் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தி தொடங்கியது. ஒசூர் அதற்கு வெகுமுன்பே ஆலை நகரம். நம் பிள்ளைகள் இத்தொழில்களுக்கே செல்வர்; செல்லட்டும். உழவிலும் சிற்றுயிர் மடியும் என்று அஞ்சி வணிகத்தை நாடிய நம் முன்னோர் பலரும், நிறுக்கும் தராசைத் தாமே சரிபார்த்தனர்.

மாசி மாதத்தில் அவனிடமிருந்து செய்தி வந்தது. ஐந்து பெயர்களோடு ஆறாவது விடை ஒன்றைச் சேர்த்திருக்கிறானாம்: 'உறுதியாகச் சொல்ல இயலாது, இலையை விரலால் தேய்த்துப் பார்க்கவும்.' போட்டியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. நூறு இலைக்கு எத்தனை முறை அந்த ஆறாவது விடை வருகிறது என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.