பற்றின்மையும் பாராமுகமும்

குற்றாலத்தில் 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி.யின் நினைவிடத்தை அருவியாடச் சென்றபோதெல்லாம் வணங்கியிருக்கிறேன். வழியில் தென்காசியில்தான் என் மறைந்த நண்பரின் இல்லம். ஓராண்டாக அதன் வாயிலை மிதித்திலேன். உயிர் தன் வினைவழிச் சென்றுவிட்டது. இனி அங்குச் செல்வது பற்றை வளர்ப்பதன்றோ என்று எனக்கு நானே அமைதி கூறிக்கொண்டேன்.

சென்ற சாரல் காலத்தில் நாணத்தோடு சென்றேன். "காரியம் முடிந்தபின் அவர் பெயரைச் சொல்லி வந்தவர் நீங்கள்தான், அண்ணா" என்றார் நண்பரின் துணைவியார். மாலைவரை அவரைப் பற்றியே பேசினோம். அம்மையார் இருமுறை சிரிக்கவும் செய்தார்.

நீத்தாருக்கு நாம் ஆற்றக்கூடியது ஒன்றுமில்லை, இருப்போர்க்கு உண்டு. நம் துயரை நாமே பேணுவது பற்று. பிறர் துயருக்குச் செவிகொடுப்பது அருள். பற்றின்மை என்று நான் பெயரிட்டிருந்தது வெறும் பாராமுகமே. அன்பர்களே, நீங்கள் செல்லாதிருக்கும் இல்லம் எது?