பாலில்லாப் பச்சடியும் ஜீவகாருண்யமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலையருகே சித்திரை வெயிலில் வேலை பார்ப்பவருக்கு, மத்தியானச் சோற்றோடு வரும் வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடி மருந்து மாதிரி. அதில் தயிரே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அது வெறும் ருசிச் சண்டை அல்ல, ஜீவகாருண்யக் கேள்வி.

பக்கத்திலேயே பொன்னேரியை அடுத்த சின்னக்காவணம், வள்ளலாரின் தாயார் சின்னம்மையார் பிறந்த ஊர். 1867-ல் வடலூரில் தருமசாலை திறந்து பசித்தவருக்குச் சோறிட்ட வள்ளலார் புலாலை அறவே விலக்கச் சொன்னார். பாலை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பெருமாள் கோயில்களிலும் ததியோதனம் என்கிற தயிர்ச்சோறு பிரசாதம்தானே?

ஆனால் அவர் காலத்துப் பசு வீட்டுத் தொழுவத்தில் நின்றது. இன்றோ பால் வற்றிய மாடும் காளைக்கன்றும் அடிமாட்டுச் சந்தைக்குப் போவது ஊரறிந்த சேதி. அப்படியானால் பாலும் புலாலும் உண்மையிலேயே வேறு வேறா? இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் 1944-ல் பாலையும் விலக்குவோரைக் குறிக்க 'வீகன்' என்ற சொல்லை உருவாக்கியதும் இதே கேள்வியிலிருந்துதான். ஜீவகாருண்யம் பேசும் மண்ணில் அதை அந்நியச் சரக்கென்று தள்ளுவது நியாயமில்லை.

பாலில்லாப் பச்சடியின் செய்முறை எளிது. ஊறவைத்துத் தோலுரித்த நிலக்கடலையை அரைத்து வடிகட்டி, அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கையில் காம்போடு நாலு பச்சைமிளகாய் போட்டு மூடினால், விடிவதற்குள் புளிப்பேறும். முதல் ஈடு தளர்வாகத்தான் இருக்கும்; அதையே உறையாக ஊற்றினால் அடுத்தது கெட்டிப்படும். பிறகு துருவிப் பிழிந்த வெள்ளரிக்காய், உப்பு, கடுகுத் தாளிப்பு. கடலை வாசம் லேசாகத் தெரியும். ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டால் அடங்கிவிடும்.