யாத்திரையின் சுமை யார் தோளில்?

தலயாத்திரையின் பயன் சென்று சேரும் தலத்தில் உள்ளதா, சென்ற விதத்தில் உள்ளதா என்பது பழைய வினா. நடந்து வந்தவரும் வண்டியில் வந்தவரும் கருவறைக்கு முன் ஒரே தரிசனத்தைத்தான் பெறுகிறார்கள் என்றாலும், இருவருக்கும் கிட்டும் புண்ணியம் ஒன்றுதானா என்று இந்தியச் சமய நூலோரும் ஐரோப்பியக் கிறித்தவத் திருச்சபையும் தத்தம் வழியில் கேட்டு, தத்தம் வழியில் விடையும் சொல்லியிருக்கிறார்கள். மிதிவண்டி வந்த பிறகு இவ்வினா சற்றுச் சிக்கலாயிற்று. அது வாகனம்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாடோ குதிரையோ எஞ்சினோ இழுக்காமல், ஏறி அமர்ந்தவரின் கால்களே இழுத்துச் செல்லும் வாகனம் அது. அதை நடையோடு சேர்ப்பதா, தேரோடு சேர்ப்பதா?

வடமொழியில் தீர்த்த யாத்திரை விதிகளைத் தொகுத்த நிபந்த நூல்கள், அதாவது ஒரு பொருளைப் பற்றிய சுமிருதி, புராண வாக்கியங்களைத் திரட்டி முடிவு கூறும் தொகுப்பு நூல்கள், இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கின்றன. வாகனம் யாத்திரைப் பயனில் பாதியைக் கெடுக்கும். குடையும் பாதுகையும் அதில் பாதியைக் கெடுக்கும். வழியில் வாணிகம் செய்தால் முக்கால் பங்கு போகும். தானம் வாங்கினால் முழுவதும் போய்விடும். இந்த அளவுகளை மேலோட்டமாகப் படிப்பவர், உடல் வருத்தமே புண்ணியத்தின் அளவுகோல் என்று நூலோர் கருதியதாக எண்ணக்கூடும். வரிசையைக் கவனித்தால் அந்த எண்ணம் நிலைக்காது. உடலுக்கு நேரடியாகச் சுகம் தரும் குடைக்கும் செருப்புக்கும் இங்கே மிகக் குறைந்த தண்டனை. உடலுக்கு எந்தச் சுகமும் தராத வாணிகத்துக்கும் தானம் ஏற்றலுக்கும் மிகக் கடுமையான தண்டனை. பிறரிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டு யாத்திரை நடக்கிறது என்பதையே இக்கணக்கு அளக்கிறது. பிரயாகைக்கு எருதின் மேல் ஏறிச் செல்பவனுக்கு நரகமே கிட்டும், அவன் வார்க்கும் நீரை முன்னோர் ஏற்க மாட்டார்கள் என்று மச்ச புராணம் கடிந்து கூறுவதும் இதே நோக்கில்தான் பொருள்படுகிறது: தன் புண்ணியத்துக்கான பாரத்தை வாயில்லாப் பிராணியின் முதுகில் ஏற்றுவதை அது பொறுக்கவில்லை.

ஐரோப்பாவில் இக்கணக்கு வேறு வடிவம் எடுத்தது. ஸ்பெயினின் சாந்தியாகோ நகரில் புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பி இடைக்காலம் முதல் நடந்து செல்லும் யாத்திரிகர்களின் பெருவழிகளில் ஒன்று, பிரான்சின் லெ புய் நகரில் தொடங்கி, தென்மேற்கில் காஸ்கனிப் பகுதியின் ஏற்ற இறக்கமான வயல்வெளிகளையும் திராட்சைத் தோட்டங்களையும் கடந்து செல்கிறது. அங்கே மலை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. மேடு ஏறினால் உச்சியில் ஒரு கோபுரமும் சில ஓட்டு வீடுகளும் தெரியும், இறங்கினால் ஓர் ஓடைப்பாலம், மறுபடி மேடு. மிதிவண்டியில் நெடுந்தொலைவு சுற்றுவோர் இந்நிலப்பரப்பை விரும்பித் தேடிச் செல்வதற்குக் காரணம், ஒவ்வோர் ஏற்றத்தின் உழைப்பும் அடுத்த இறக்கத்தில் உடனே திரும்பிக் கிடைத்துவிடுவதுதான். சாந்தியாகோ சென்று சேர்பவருக்குத் திருச்சபை சான்றிதழ் ஒன்றை வழங்கிவருகிறது; அதைப் பெற நடந்து வருபவர் 100 கிலோமீட்டர் நடந்திருந்தால் போதும், மிதிவண்டியில் வருபவரோ 200 கிலோமீட்டர் வந்திருக்க வேண்டும் என்பது விதி. வாகனம் பாதியைக் கெடுக்கும் என்ற வடமொழி நூலோரின் கணக்கும் இதுவும் தம்முள் தொடர்பின்றியே ஒரே எண்ணில் வந்து நின்றிருப்பது வியப்புக்குரியது.

அதே காஸ்கனி நிலப்பரப்பில் லபாஸ்தீத் தார்மஞாக் என்ற சிற்றூரின் அருகே, 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு தேவாலயம் ஒன்று 1959இல் மிதிவண்டியோட்டிகளின் மாதா கோயிலாக ஆக்கப்பட்டது. ஜோசப் மாசி என்ற பங்குக் குரு, இத்தாலியின் கிசால்லோ குன்றில் மிதிவண்டியோட்டிகளுக்கென மாதா கோயில் இருப்பதைக் கண்டு வந்து எடுத்த முயற்சி அது. போப் 23ஆம் யோவான் அதே ஆண்டு அதற்கு ஒப்புதல் தந்தார். நேர்த்திக்கடனாகத் தொட்டிலும் கண்மலரும் காணிக்கை தரும் தமிழ் வழிபாட்டாளருக்கு அங்குள்ள காட்சி அந்நியமாகத் தோன்றாது: பந்தய வீரர்கள் அளித்த வண்ணச் சட்டைகள் சுவரை மறைத்துத் தொங்குகின்றன.

பந்தயக்காரர்களிடையே இதே வினா சமயச் சாயலின்றி எழுந்ததும் உண்டு. 1903இல் தூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்சு, ஏற்றத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் கியர் அமைப்பு முதியவர்களுக்கே உரியது, வெற்றி தசையின் வலிமையால் வர வேண்டுமேயன்றிக் கருவியின் தந்திரத்தால் வரக் கூடாது என்று எழுதினார்; அதனால் கியர் மாற்றி அப்பந்தயத்தில் 1937 வரை பொதுவாக அனுமதிக்கப்படவில்லை. மறுபக்கம் நின்றவர் வெலோசியோ என்ற புனைபெயர் கொண்ட போல் த விவி (1853–1930). செந்த் எத்தியென் நகரிலிருந்து மிதிவண்டி இதழ் ஒன்றை நடத்தி, புலால் மறுத்து வாழ்ந்த இவர், வருத்தத்தைக் குறைக்கும் கியரை வரவேற்றார். உலாச் செல்வோருக்கு இவர் வகுத்த ஏழு விதிகளில், பசிக்கும் முன் உண்க, தாகத்துக்கு முன் அருந்துக என்பன போன்ற உடல்நல அறிவுரைகளோடு, வீம்புக்காக மிதிக்கக் கூடாது என்பதும் ஒன்று. தெகிராஞ்சின் துறவு உண்மையில் அகங்காரத்துக்குத் தீனி போடும் துறவு. வெலோசியோ அதைச் சரியாகவே இனங்கண்டார் எனலாம்.

சென்னையின் மேற்குப் புறத்தில், திருவேற்காட்டுக்கும் போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையே அமைந்த நூம்பல், இவ்வினாவை ஆராய எதிர்பாராத வகையில் ஏற்ற இடம். இங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள குன்றத்தூரில்தான், 63 நாயன்மார் வரலாற்றைப் பெரியபுராணமாகப் பாடிய சேக்கிழார் பிறந்தார். யாத்திரையின் வகைகளைத் தமிழில் இவரைப் போல விரித்துக் காட்டியவர் வேறு எவருமில்லை. கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சிய காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து செல்கிறார். சுந்தரர் வெள்ளை யானையில் செல்கிறார். நடந்து களைத்த சம்பந்தருக்கு இறைவனே முத்துச் சிவிகை அளிக்கிறான். நூம்பலின் வடமேற்கே, ஆவடிக்கு அப்பாலுள்ள திருநின்றவூரின் பூசலாரோ எங்குமே செல்லாமல், நெஞ்சுக்குள் கோயில் கட்டிக் குடமுழுக்கு நாளும் குறித்துவிடுகிறார். இவற்றுள் உயர்ந்தது எது என்று சேக்கிழார் தரவரிசை போடவில்லை.

ஆனால் ஓரிடத்தில் அவர் வினாவின் உள்ளீட்டையே தொட்டுவிடுகிறார். திருப்பூந்துருத்தியை நோக்கிச் சம்பந்தர் சிவிகையில் வரும்போது, எதிர்கொள்ளச் சென்ற முதியவர் அப்பர், கூட்டத்தில் கலந்து, சிவிகை தாங்குவோரில் ஒருவராகத் தோள் கொடுக்கிறார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் வினவ, அவரைச் சுமக்கும் பேறு பெற்றுக் கீழே இருப்பதாக விடை வருகிறது. கேட்ட மாத்திரத்தில் சம்பந்தர் பதறிக் கீழே குதித்து வணங்குகிறார். இறைவன் தந்த வாகனமேயானாலும், அதன் பாரம் யார் தோளில் இருக்கிறது என்று தெரிந்த நொடியில் அதில் அமர்ந்திருக்க முடியவில்லை. நிபந்த நூல்களின் பாதிக் கணக்குக்கும் எருதைப் பற்றிய சாபத்துக்கும் இதைவிடச் சிறந்த உரை இல்லை.

எனினும் தன் பாரத்தைத் தானே சுமப்பதும் தரிசனத்துக்கு விலையாகிவிடாது. கால் தேய்ந்து, பின் மார்பால் ஊர்ந்து, உடல் சிதைந்தும் கயிலை நோக்கிச் சென்ற அப்பருக்கு அங்கே காட்சி கிட்டவில்லை. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழச் செய்து அங்கேதான் இறைவன் காட்சி தந்தான். பூந்தமல்லியில் பிறந்து காஞ்சி வரதருக்கு ஆலவட்டத் தொண்டு செய்த திருக்கச்சி நம்பிகளைப் பற்றிய மரபும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது: முதுமையில் அவரால் காஞ்சிக்குச் செல்ல இயலாதபோது பெருமாளே பூந்தமல்லிக்கு எழுந்தருளினார் என்பர்.

இவ்வட்டாரத்தில் இன்று யாத்திரை என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது தொண்டை மண்டல நவக்கிரகத் தலங்கள், அதாவது ஒன்பது கோள்களுக்கும் தனித்தனியே உரியனவாகப் போற்றப்படும் ஒன்பது சிவாலயங்கள். கிழமை முறையில் தரிசிக்க விரும்பினால் கொளப்பாக்கத்தில் சூரியனை வணங்கி, தென்மேற்கே சோமங்கலத்தில் சந்திரனையும், திரும்பி வடக்கே பூந்தமல்லியில் செவ்வாயையும், மீண்டும் தெற்கே கோவூரில் புதனையும் காண வேண்டும். அப்படியே போரூர், மாங்காடு, பொழிச்சலூர் என்று குறுக்கும் நெடுக்குமாக அலைந்து, ராகுவுக்குக் குன்றத்தூரிலும் கேதுவுக்குக் கெருகம்பாக்கத்திலும் முடிக்க வேண்டும். வேனுக்கு இந்த அலைச்சல் டீசல் செலவு மட்டுமே. மிதிவண்டியில் செல்பவரின் முழங்கால் இதற்கு உடன்படாது. அவர் நூம்பலிலிருந்து போரூர், கெருகம்பாக்கம், கோவூர், கொளப்பாக்கம், பொழிச்சலூர், சோமங்கலம், குன்றத்தூர், மாங்காடு, பூந்தமல்லி என்று நிலத்தின் ஒழுங்கில் செல்வார். கோள்களின் வரிசை கலைந்தாலும் அவர் வழி தானாகவே வலமாக அமைந்துவிடும். வலம் வருதல் என்பது வணங்கும் பொருளை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவது. அதற்கு ஊர்களுக்கு இடையிலுள்ள வழியும் வழிபாட்டில் சேர்ந்ததே. தியாகராசர் ஐந்து கீர்த்தனைகள் பாடிய கோவூருக்கும் கொளப்பாக்கத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று வேன் யாத்திரிகரிடம் கேட்டால் பெரும்பாலும் விடை வராது.

இதற்குத் தக்க மறுப்பு உண்டு. காஸ்கனியின் கிராமச் சாலைகளில் பேச்சு வழக்கில் சொன்னால் ஈ காக்கை இருக்காது. போரூர் – குன்றத்தூர் சாலையில் தண்ணீர் லாரிக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவே மிதிப்பவருக்குச் சிவசிந்தனையைவிட உயிர்ச்சிந்தனையே மேலோங்கும். முழங்கால் தேய்ந்த முதியவர்க்கு வேனும் ஷேர் ஆட்டோவுமே சிவிகை. அவர்கள்மேல் பாதிக் கணக்கைப் பாய்ச்சுவது நூலின் கருத்தை அறியாதார் செயல். கத்தோலிக்கக் குருவாக இருந்து பின் விலகிய சிந்தனையாளர் இவான் இல்லிச், நடப்பவரைவிட மூன்று நான்கு மடங்கு விரைவாகவும் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலிலும் மிதிவண்டி கொண்டு சேர்க்கிறது என்று 1970களில் கணக்கிட்டு, பிறர் வழியை அடைக்காத வேகம் அது என்று புகழ்ந்தார். பிறர் அவர் வழியை அடைக்கும் நிலைமைக்கு 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலை வண்டிகள் பொறுப்பல்ல. சாலையை அமைப்போரே பொறுப்பு.

ஆகவே தரம் பிரித்தே தீர வேண்டும் என்பவர்க்கு இவ்வளவு சொல்லலாம். எருதையோ பல்லக்குத் தூக்குவோரையோ வருத்தாததால் மிதிவண்டி பாதியைக் கெடுக்கும் வாகன வகையில் சேராது. காலுக்குத் துணையாகி, காலின் வேலையைக் காலுக்கே விட்டுவைப்பதால் அது பாதுகையின் இனம். கால் பங்குக்கு மேல் கழிக்க நூலில் இடமில்லை. சாந்தியாகோவின் 200 கிலோமீட்டர் விதி மிதிவண்டிக்காரருக்குச் சற்று அதிகம்தான்.