பத்து ராத்தலும் அரை ராத்தலும்

கதை எழுதுகிறவனுக்கு மிகவும் சௌகரியமான வாக்கியம் ஒன்று உண்டு: 'அவனையறியாமல் விரல் விசையை அழுத்திவிட்டது.' நானே இரண்டு நாவல்களில் எழுதியிருக்கிறேன். கொலையும் நடந்துவிடும், கதாநாயகனும் நல்லவனாகவே இருப்பான். இப்போது அதை எழுதக் கை வரவில்லை. காரணம், ஒரு ஜோடிப் பழைய கைத்துப்பாக்கிகள்.

1804 ஜூலை 11 அன்று, அமெரிக்காவில் ஹட்ஸன் நதிக்கரையில், அலெக்ஸாண்டர் ஹாமில்டனும் உப ஜனாதிபதி ஆரன் பர்ரும் துவந்த யுத்தம் செய்தார்கள். முதல் குண்டை வீணாக்கப்போவதாக ஹாமில்டன் முன்பே எழுதி வைத்திருந்தார். ஆயினும் அவருடைய துப்பாக்கியும் வெடித்தது. குண்டு பர்ருக்கு மேலே மரக்கிளையில் போய்ப் பாய்ந்தது. பர்ரின் குண்டு பட்டு ஹாமில்டன் மறுநாள் இறந்தார். அடிபட்ட அதிர்ச்சியில் விரல் இறுகிவிட்டது என்றார் ஹாமில்டனுக்குத் துணையாக வந்தவர். முதலில் சுட்டதே ஹாமில்டன்தான் என்றார் பர்ரின் துணைவர்.

துப்பாக்கிகள் ஹாமில்டனின் சகலையுடையவை. 1976-இல் பிரதி செய்வதற்காகப் பிரித்தபோது, விசையை இலகுவாக்கும் ஏற்பாடு ஒன்று உள்ளே இருந்தது.

விசையின் பளுவை அளப்பது மளிகைக் கடைக் காரியம்தான். குண்டில்லாத துப்பாக்கியின் குதிரையை ஏற்றி, வாயை வானம் பார்க்க நிமிர்த்தி, விசையில் கம்பி மாட்டி எடைக்கல்லைத் தொங்கவிட வேண்டும். எந்தக் கல்லுக்குக் குதிரை விழுகிறதோ அதுதான் பளு. இந்தத் துப்பாக்கியில் சுமார் பத்து ராத்தல். ஆனால் விசையை முதலில் சற்று முன்னே தள்ளிவிட்டால், உள்ளே சின்ன வில் ஒன்று ஆயத்தமாகும். பிறகு அரை ராத்தலே போதும்.

அரை ராத்தல் என்றால் தெரியாமல் நடந்தது, பத்து என்றால் தெரிந்தே செய்தது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? அடிபட்டவன் கை பத்து ராத்தலுக்கு மேலும் இறுகும். எடைக்கல்லுக்கு விரல்தான் தெரியும். ஆனால் அந்த முன்னே தள்ளுகிற காரியம் இருக்கிறதே, அதை யாரும் தன்னையறியாமல் செய்வதில்லை. அதைச் செய்யட்டுமா என்று துணைவர் கேட்டதற்கு, இந்த முறை வேண்டாம் என்றாராம் ஹாமில்டன். எனக்கு அவர்மேல் மரியாதை பிறந்தது அந்த இடத்தில்தான்.

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையின்போது தம்பியை ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "வாய் தவறி வந்துவிட்டதடா" என்று அன்றே மன்னிப்பும் கேட்டேன். ஊருக்குப் போகிற ரயிலில் இரவு முழுவதும் அந்த வார்த்தையை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது எனக்குத்தான் தெரியும். "பரவாயில்லை அண்ணா, கோபத்தில் வருவதுதானே" என்றான் அவன்.